பாவையின் சிரிப்பும் முறைக்காய்ச்சலும்

கொல்லிமலைக்கு இப்போது காலையில் பஸ் ஏறிப் போய்விட்டுப் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுகிறார்கள். என் பேரன் போன மாதம் கூட்டாளிகளோடு போனான். ஆகாய கங்கை அருவியில் குளித்தானாம். பாவை கோயில் வாசலில் நின்று பல்லெல்லாம் தெரியப் படம் எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் நீட்டினான். "அங்க நின்னு சிரிச்சயாடா?" என்று கேட்டேன். "படம் எடுக்கறப்ப அழுவாங்களா ஆயா?" என்றான். அவனிடம் என்னத்தைச் சொல்வது?

என் வயதுக்காரர்களே, உங்களிடம் சொல்லலாம். நீங்களும் எழுபதைத் தாண்டியவர்கள், உங்களுக்கும் அந்த மலையைப் பார்த்தால் முதுகுத்தண்டில் ஏதோ ஊர்ந்திருக்கும். சேந்தமங்கலத்தில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் நின்றால் கொல்லிமலை கண்ணை அடைத்துக்கொண்டு நிற்கும். காலையில் நீலம், மத்தியானம் சாம்பல், சாயங்காலம் கறுப்பு. அந்தக் கறுப்புக்குள் பாவை இருக்கிறாள் என்று எங்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். சித்தர்களும் முனிவர்களும் தங்கள் தவத்துக்கு இடையூறு வரக்கூடாதென்று செய்து வைத்த பெண் அவள். ஆள் நடமாட்டத்தை வாசனையிலேயே கண்டுபிடித்துவிடுவாள். முகத்தைத் திருப்பிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் மயங்கி எதிரே நிற்பவனும் சிரிப்பான். சிரித்தால் போச்சு, உயிர் இருக்காது. மலைக்குக் கொல்லி என்று பேர் வந்ததே அதனால்தான் என்பார்கள்.

மலைக்குப் போனவர்களில் பலர் திரும்பி வந்து பத்துப் பதினைந்து நாளில் செத்துப் போனதென்னவோ உண்மை. அதை எல்லோரும் கண்ணால் பார்த்திருந்தார்கள். ஆகவே கதையை யாரும் சந்தேகப்படவில்லை.

எனக்கு அப்போது பத்து வயது. இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முந்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆடியில் என் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, மலைக்குப் போக வேண்டியிருந்தது. அத்தையை ராசிபுரத்தில் கொடுத்திருந்தது. கல்யாணமாகி ஐந்து வருஷம், குழந்தை இல்லை. அத்தையின் மாமியார் மகனுக்கு இன்னொரு பெண் பார்க்க வாய் திறந்துவிட்டாள். மாமா நல்ல மனுஷர்தான், ஆனால் தாய் கிழித்த கோட்டைத் தாண்டாதவர்.

மலைமேல் அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்தில் ஓர் ஆறு ஓடுகிறது. அதில் இருக்கிற மீன்கள் சாமி மீன்கள். யாரும் பிடித்துத் தின்னமாட்டார்கள். ஒரு காலத்தில் எவனோ தெரியாமல் பிடித்துத் துண்டு போட்டுக் குழம்பு வைத்தானாம், துண்டுகளெல்லாம் சட்டியிலிருந்து துள்ளி ஆற்றில் விழுந்து, ஒட்டிக்கொண்டு நீந்திப் போயினவாம். பிள்ளை வேண்டுகிறவர்கள் அந்த மீனுக்கு மூக்குத்தி போடுவதாக நேர்ந்துகொள்வார்கள். அத்தைக்கும் அப்படி ஒரு நேர்த்தி இருந்தது. மூக்குத்தி போடும்போது மீனை வயசுக்கு வராத பெண்குழந்தை ஒன்று பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். அதற்காக என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அத்தை, மாமா, நான், மூட்டை சுமக்கிற மலைக்காரர் ஒருவர். அவ்வளவுதான்.

மழையினால் அடிவாரத்தில் ஓடை பெருகிவிட்டது. காரவள்ளியில் ஒரு சாவடியில் இரண்டு நாள் முடங்கினோம். சுற்றிலும் மூங்கில் புதர், தேங்கின தண்ணீர், கொசு பிடுங்கி எடுத்தது. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு கம்பளி. அத்தை அதைத் தலையோடு காலாக என்மேல் போர்த்தி, ஓரங்களைச் சாக்கு தைப்பதுபோல என் அடியில் செருகிவிட்டாள். தான் முந்தானையை மட்டும் போர்த்திக்கொண்டு இரண்டு ராத்திரியும் கொசுவை அடித்துக்கொண்டு கிடந்தாள். கம்பளிக்குள் புழுங்குகிறது என்று நான் சிணுங்கியது நினைவிருக்கிறது. அத்தைக்குக் காய்ச்சல் வந்து எனக்கு வராமல் போனது எதனால் என்பது எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் உறைத்தது.

மூன்றாம் நாள் ஏறினோம். செருப்புப் போட்டுக்கொண்டு ஏறக்கூடாது. பாதையெல்லாம் அட்டை. பலா மரத்தடிகளில் பழம் வெடித்துக் கிடந்து வாசம் குடலைப் பிடுங்கும். மரங்களில் மிளகுக் கொடி சுற்றியிருக்கும், மேகம் நம் முழங்கால் உயரத்தில் போகும். மலைக்காரர் வழிநெடுக ஒவ்வொரு செடியாகக் காட்டினார். இது தொட்டால் உடம்பு அரிக்கும், இதைத் தின்றால் பத்து நாள் பசிக்காது, இந்தப் புல் இருட்டில் தானாக எரியும் என்றார். "கருநெல்லி தின்னா நரை தெரை வராதுங்க" என்றார். அவர் தலை பஞ்சு மூட்டை மாதிரி நரைத்திருந்தது. நான் அதைச் சொல்ல வாயெடுத்தபோது அத்தை என் கையைக் கிள்ளினாள். எனக்கு அந்த வயதில் வாய் ஜாஸ்தி.

ஆற்றில் பொரியைப் போட்டதும் மீன்கள் கும்பலாக வந்து காலைக் கவ்வின. கோயில் ஆள் ஒன்றைத் துணியில் அள்ளி என் கையில் கொடுத்தார். வழவழவென்று, உயிரோடு, என் கைக்குள் துடித்துக்கொண்டிருந்தது. அத்தை தலைமுடி கனத்தில் ஒரு தங்கக் கம்பி வளையம் செய்துகொண்டு வந்திருந்தாள். அவர் முள்ளால் உதட்டோரம் குத்தி அதை மாட்டினார். பாவம், மீன் வாயைத் திறந்து திறந்து மூடியது. அத்தை தன் மூக்குத்தியைத் தொட்டுக்கொண்டே நின்றாள், கண்ணிலிருந்து நீர் கொட்டியது. தண்ணீரில் விட்டதும் அது மினுக்கென்று ஒரு தரம் மேலே வந்து காட்டிவிட்டுப் போய்விட்டது. நல்ல சகுனம் என்றார்கள்.

வினை திரும்பும் வழியில் இருந்தது. பாவை கோயிலுக்கும் போய்க் கும்பிட்டுவிட்டுப் போகலாம் என்றார் மாமா. சின்னக் கோயில், உள்ளே இருட்டு. பூசாரி தொண்டுக் கிழம். "இங்க ஒருத்தரும் சிரிக்கப்படாதுங்க. அவ ஒருத்திதான் சிரிப்பா. எப்பிடிச் சிரிப்பான்னா…" என்று சொல்லி, தலையை மெதுவாகத் திருப்பி, கண்ணை உருட்டி, வாயை அகலத் திறந்து பாவை மாதிரியே சிரித்துக் காட்டினார். அந்த வாயில் ஒரு பல்கூட இல்லை. நான் அத்தையின் காதில், "அத்தை, பாவைக்குப் பல்லே இல்லீங்களா?" என்று கேட்டேன்.

அத்தை பக்கென்று சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினாள். நான் பிறந்ததிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பூசாரி முகம் இருண்டது. மாமா வெலவெலத்துப் போனார்.

"எதுக்குச் சிரிச்சே?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். "சும்மாதானுங்க" என்றாள் அத்தை. என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

ஆவணி பிறந்து சில நாளில் ராசிபுரத்திலிருந்து வண்டி வந்தது. அத்தையைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் இறக்கிவிட்டு மாமா நின்றபடியே பேசினார். "முறைக்காய்ச்சலுங்க மச்சான். ஒருநா விட்டு ஒருநா வருது. பாவையப் பாத்துச் சிரிச்சுப்போட்டா. அம்மா ஊட்டுல வெச்சுக்கப் பயப்படறாங்க. பாவை மன்னிச்சாள்னு தெரிஞ்சா வந்து கூட்டிட்டுப் போறேனுங்க." பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு நான் அதைப் பார்த்தேன். எதிர்வீட்டில் தறி போட்டிருந்தார்கள். காலைக் கஞ்சிக்காக அந்தச் சத்தம் நிற்கும் நேரம் அது. அத்தை பேசிக்கொண்டே இருந்தவள் திடீரென்று குறுகினாள். நகமெல்லாம் நீலமாயிற்று. பிறகு ஆட ஆரம்பித்தாள். கட்டில் ஆடியது, கட்டிலுக்கடியில் இருந்த சொம்பு கிணுகிணுத்தது. உதடு பின்னுக்கு இழுத்துக்கொண்டு, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தட்டிக்கொண்டன. அசலாகச் சிரிப்பதுபோலவே இருந்தது. "சாமீ, அவதான் சிரிக்கறா" என்று யாரோ கத்தினார்கள். அத்தனை பேரும் பின்வாங்கினார்கள். குளிர் அடங்கி அனல் வந்து, அனல் அடங்கி வேர்வை வந்து, சாயங்காலம் அத்தை துவண்டு தூங்கினாள். நான் கிணற்றடிக்குப் போய் மலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அழுதேன். அத்தையைச் சிரிக்க வைத்தது நான். அது என்னைத் தவிர அத்தைக்கு மட்டும்தான் தெரியும்.

அப்பா ஒரு குறிகாரரைக் கூட்டிவந்தார். அவர் அத்தையின் பல்லைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், விதி போட்டார். பாவையின் சிரிப்பு உள்ளே புகுந்திருக்கிறது. வெளியே ஒரு சிரிப்புக் கேட்டால் அது இன்னும் ஊறும். ஆகவே இந்த வீட்டில் அது போகும்வரை ஒருத்தரும் சிரிக்கக் கூடாது. அம்மன் குடியிருக்கிற உடம்புக்குள் கசப்பான மருந்து எதுவும் போகக் கூடாது.

நீங்கள் சிரிக்கத்தான் செய்வீர்கள், ஆனால் நாங்கள் அப்படித்தான் இருந்தோம். என் தம்பிக்கு ஒன்றரை வயது, எதற்கெடுத்தாலும் கெக்கெக்கே என்று சிரிப்பான். அவனை வெண்ணந்தூரில் அம்மாவின் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மாவுக்குப் பால் கட்டி நெறி கட்டியது. தெருவில் யாராவது உரக்கச் சிரித்துக்கொண்டு போனால் அப்பா ஓடிப்போய்க் கதவைச் சாத்துவார். எனக்கோ, சிரிக்காதே என்று சொன்னதிலிருந்து சிரிப்பு தவிர வேறொன்றும் வரவில்லை. ஒருநாள் ஒரு கோழி மோர்ப்பானைக்குள் தலையை விட்டு, எடுக்கத் தெரியாமல், பானையோடு கூடம் முழுக்க நடந்தது. நான் பாவாடையை வாய்க்குள் திணித்துக்கொண்டு கிணற்றடிக்கு ஓடி, துவைக்கிற கல்லில் நெற்றியை இடித்துக்கொண்டேன். சிரிப்பு வெளியே வரவில்லை. ஆனாலும் மறுநாள் அத்தைக்குக் குளிர் கொஞ்சம் அதிகமாக வந்தது. கோழியால்தான், என்னால்தான் என்று நினைத்தேன்.

அந்தக் காய்ச்சலின் சூழ்ச்சி எதுவென்றால் அதன் மறுநாள். ஒருநாள் விட்டு ஒருநாள் வருவதால், நடு நாளில் அத்தை எழுந்து உட்கார்ந்துவிடுவாள். கஞ்சி குடிப்பாள், எனக்குத் தலை வாரிவிடுவாள். அம்மா ஒவ்வொரு குளிரின்போதும், "ஏனுங்க, நாமக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோலாமுங்க" என்பாள். "நாளைக்கு வண்டி கட்டறேன்" என்பார் அப்பா. நாளை வரும். அத்தை உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். "பாத்தயா, குறிகாரரு சொன்னது பலிக்குது. எதுக்கு ஆஸ்பத்திரி?" என்பார். அதற்கு மறுநாள் பத்து மணிக்குக் கட்டில் ஆடும். இப்படியே புரட்டாசி வந்துவிட்டது. அத்தையின் வயிற்றில் இடது பக்கம் கல்லாகக் கட்டிக்கொண்டது. காது மடல் வெள்ளைக் காகிதம்போல ஆகிவிட்டது. முழங்கை எலும்பு தனியாகத் தெரிந்தது.

குறிகாரர் மறுபடி வந்தார். "ஏன் சிரிச்சாங்கங்கறதை அவ சந்நிதியிலயே போய்ச் சொல்லோணும். சொன்னா விட்டுருவா" என்றார். அப்பா அத்தையிடம் கேட்டார். அத்தை சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். "பிடிவாதக்காரி" என்று அப்பா பல்லைக் கடித்தார். அமாவாசைக்கு முன்னால் டோலி கட்டி அத்தையை மலைக்குத் தூக்கிப் போவதென்று முடிவாயிற்று. நாலு ஆளுக்குச் சொல்லியும் விட்டார்.

மறுபடி அந்தச் சாவடி, அந்த ஏற்றம். அத்தை போய்ச் சேரமாட்டாள் என்று எனக்கே தெரிந்தது. அன்றைக்கு அப்பா தோட்டத்துக்குப் போனதும் அடுப்படியில் அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டேன்.

"அம்மா, அத்தையை நாந்தான் சிரிக்க வெச்சேன்."

அம்மா அகப்பையைக் கீழே வைத்தாள். "என்ன சொன்னே?"

சொன்னேன். பூசாரி வாயைத் திறந்ததையும் சொன்னேன். அம்மாவின் உதடு நடுங்கியது. அடிக்கப் போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தால் அம்மா முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஐந்தாறு வாரச் சிரிப்பு. பிறகு அவளுக்கே பயம் வந்துவிட்டது. இருவரும் ஓடிப்போய் அத்தையைப் பார்த்தோம். அத்தைக்கு அன்று நடு நாள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "என்னுங்க நங்கை?" என்றாள். எங்கள் பக்கத்தில் அண்ணியை நங்கை என்போம். ஒன்றும் ஆகவில்லை. அம்மா அரை மணி நேரம் வாசற்படியில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து சுருக்குப் பையைச் செருகிக்கொண்டு, "வா சாமி" என்று என் கையைப் பிடித்தாள்.

எங்கள் தெருக்கோடியில் தபால் ஆபீஸ் இருந்தது. அங்கே காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரை பொட்டலமாக விற்றார்கள். அந்தக் காலத்தில் எல்லாத் தபால் ஆபீசிலும் கிடைக்கும், உங்களுக்கு நினைவிருக்கலாம். மாமாவுக்கு அப்பா எழுதின கார்டுகளைப் பெட்டியில் போட நானே எத்தனையோ தரம் அங்கே போயிருக்கிறேன். அம்மா அதற்கு முன் அந்தப் படியை மிதித்ததில்லை. குரல் எழும்பாமல், "காச்சல் மாத்தரைங்க" என்றாள். தபால்காரர் இரண்டு பொட்டலத்தை எடுத்து வைத்தார். அவ்வளவு சுலபமாக இருந்தது.

அம்மா மாத்திரையைப் பொடித்து வாழைப்பழத்துக்குள் வைத்து அத்தைக்குக் கொடுத்தாள். முதல் வாயிலேயே அத்தைக்குத் தெரிந்துவிட்டது. அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், விழுங்கினாள். மறுநாள் குளிர் வந்தது, ஆனால் சீக்கிரம் விட்டது. அதற்கடுத்த முறை நாளில் நாங்கள் மூவரும் பத்து மணிக்காக மூச்சைப் பிடித்துக் காத்திருந்தோம். எதிர்வீட்டுத் தறி நின்றது. அத்தை தன் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தறி மறுபடி ஓடத் தொடங்கியது. குளிர் வரவில்லை. "காதுக்குள்ள வண்டு கத்துதுங்க நங்கை" என்றாள், அது மாத்திரையின் வேலை.

அப்பா டோலிக்காரர்களிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். குறிகாரருக்கு வேட்டி துண்டு கொடுத்தார். நாங்கள் சிரிக்காமல் இருந்ததை ஊரெல்லாம் பெருமையாகச் சொன்னார். ஐப்பசியில் மாமாவும் அவர் தாயாரும் வந்தார்கள். அந்த அம்மாள் அத்தையின் முகவாயைப் பிடித்து, "பாவையே மன்னிச்சுட்டா, நான் ஆரு? எம்மருமகளக் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லி நெற்றியில் குங்குமம் வைத்தாள். வண்டி போனதும் அம்மா என்னைப் பின்கட்டுக்கு இழுத்துப் போனாள். "மாத்தர குடுத்தது அங்க தெரிஞ்சா, அவ இன்னும் மன்னிக்கல, மருந்துதான் மூடி வெச்சிருக்குதுன்னு சொல்லித் திருப்பி அனுப்பீருவாங்க. அத்தை பொழப்பு உன் வாயிலதான் இருக்குது கண்ணு" என்றாள். என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கினாள். மீதி ஒரு பொட்டலம் அரிசிப் பானைக்குள் போயிற்று.

இதோடு நிறுத்திவிட்டால் நல்ல கதை. இத்தனை வருஷமும் கேட்டவர்களிடம் மாத்திரையை மறைத்துவிட்டு நான் இந்த இடத்தில்தான் நிறுத்தியிருக்கிறேன்.

எதிர்வீட்டுத் தறிக்காரர் மகள் என் தோழி, என்னைவிட ஒரு வயது மூத்தவள். அவளுக்குக் கீழே ஐந்து வயதில் ஒரு தங்கை. கார்த்திகை பிறந்ததும் ஒருநாள் காலையில் அவர்கள் தறி நின்றது நின்றதுதான், மறுபடி ஓடவில்லை. தோழிக்குக் குளிர்காய்ச்சல். அவள் மலையைப் பக்கத்தில்கூடப் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் காய்ச்சலோடு கிடந்த அத்தையைக் கடித்த கொசுதான் அவளையும் கடித்திருக்கும் என்று பல வருஷம் கழித்து ஒரு டாக்டர் எனக்குச் சொன்னார். அன்றைக்கு எல்லோரும், சிரிப்பு தெருவைத் தாண்டிவிட்டது என்றார்கள்.

தோழியின் அப்பா எங்கள் வாசலில் வந்து நின்றார். "உங்க தங்கச்சிக்கு என்ன பண்ணுனீங்களோ அதைச் சொல்லுங்க, அப்பிடியே பண்றோம்" என்றார். அப்பா ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒருத்தரும் சிரிக்கக் கூடாது, கசப்பு உள்ளே போகக் கூடாது. கதவுக்குப் பின்னால் அம்மாவும் நானும் நின்று கேட்டோம். அவர் போனதும் அம்மா அரிசிப் பானைக்குள் கையை விட்டாள். வெறுங்கையை வெளியே எடுத்தாள்.

மறுநாள் தோழி ஜன்னலுக்கு வந்து என்னைக் கூப்பிட்டாள். பல்லாங்குழி ஆடினோம், அவளே ஜெயித்தாள். "நல்லாத்தான இருக்கறா" என்றாள் அம்மா. அதற்கு மறுநாள் குளிர். "குடுத்தரலாம்மா" என்றேன். "தீபத்துக்கு ராசிபுரத்துக்காரங்க வாராங்க. அவங்க வந்துட்டுப் போயிரட்டும், பொறவு நானே கொண்டு போறேன்" என்றாள் அம்மா. மறுநாள் தோழி மறுபடி ஜன்னலில் நின்றாள். நடு நாளைப் பார்த்துப் பார்த்து அப்பா இப்படி ஏமாறுகிறாரே என்று ஆவணி முழுக்க அழுத அம்மாதான் அவள். அவளையும் அது ஏமாற்றியது. நானும் ஏமாந்தேன், ஏமாறத்தான் எனக்கும் ஆசையாக இருந்தது.

நாலாவது குளிரில் தோழிக்கு நினைவு தப்பி வலிப்பு வந்தது. அவள் அம்மா போட்ட கூச்சலில் அம்மா பானையிலிருந்து பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு தலைவிரி கோலமாகத் தெருவைக் கடந்து ஓடினாள். நானும் ஓடினேன். தோழியின் பல் கிட்டியிருந்தது. கரண்டிக் காம்பை விட்டும் திறக்கவில்லை. பொழுது இறங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தோழியின் அப்பா அம்மாவின் மூடிய கையைப் பார்த்து, "அது என்னங்க?" என்று கேட்டார்.

"திருநீறுங்க" என்றாள் அம்மா.

காரியமெல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்துத் தோழியின் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தாள். அழுது அழுது குரல் போயிருந்தது. இடுப்புச் சேலையைப் பிடித்துக்கொண்டு அந்தச் சின்னத் தங்கை நின்றாள். "உங்களுக்கு மட்டும் எப்பிடிங்க பலிச்சுது? நாங்க எதுல தப்புனோம்? எங்க ஊட்டுல ஆராச்சும் சிரிச்சுப்போட்டாங்களா?" என்று கேட்டாள்.

அம்மா தரையைப் பார்த்தாள். சேலைக்குள்ளிருந்து அந்தச் சின்னது சொன்னது: "நாந்தாம்மா சிரிச்சேன். பூனை தறிக்குழில உளுந்துச்சு."

தோழியின் அம்மா அதை அடிக்கவில்லை, திட்டவில்லை. குனிந்து ஒரு பார்வை பார்த்தாள். சேலையை அதன் கையிலிருந்து விடுவித்துக்கொண்டு எழுந்து நடந்தாள். அது பின்னாலேயே ஓடியது. எனக்கு என்ன சொல்ல வேண்டும் என்று தெரியும். வாய் ஜாஸ்தி என்று பேர் வாங்கின எனக்கு அன்றைக்கு வாய் திறக்கவில்லை.

அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அத்தை இரண்டு பிள்ளை பெற்று, வாழ்ந்து, போன தையில் கண்ணை மூடினாள். இனி யாருடைய வாழ்க்கையும் என் வாயில் இல்லை. அந்தச் சின்னத் தங்கை இருக்கிறாள். குமாரபாளையத்தில் வாழ்க்கைப்பட்டு, பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். கல்யாண வீடுகளில் பார்ப்பேன். பந்தலே சிரிக்கும்போது அவள் மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையைக் குனிந்துகொள்வாள். கூச்ச சுபாவம் என்று அவள் மருமகள்கள் நினைக்கிறார்கள்.

உன் மருமகளை விட்டு இதை உனக்குப் படித்துக் காட்டச் சொல், அம்மிணி. நீ சிரித்ததால் உன் அக்கா சாகவில்லை. மருந்து எங்கள் வீட்டு அரிசிப் பானையில் இருந்தது, அது எனக்குத் தெரியும்.